பேர் வைக்காத பிள்ளையும் கிள்ளான் மேட்சும்

கிள்ளான் கிரிக்கெட் டீம் காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டது. உள்ளூர் டீம் கேப்டன் இராமலிங்கத்தின் வீட்டு அடுப்பு மட்டும் இன்னும் பற்றவில்லை.

"சீதா, ஆட்டுக்கறி வாங்கியாந்துட்டேன். எங்க வைக்க?"

"எங்க வேணா வைங்க. உங்க தலையில கூட வச்சுக்குங்க."

இராமலிங்கம் கறிப் பொட்டலத்தோடு சமையற்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக் கூரையிலும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் கூரையில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. சீதாலெட்சுமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மியும் சும்மா கிடந்தது.

"என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. புள்ளைக்கு ஏன் இன்னும் பேரு வைக்கலன்னு சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. ஐயரு குருபார்வை இல்லன்னாரு. நல்ல நாள் வரட்டும்னுதான்..."

"அந்தக் குரு இன்னிக்கு மேட்சு முடிஞ்சதும் பாத்துடுவாரோ?"

இராமலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. யாரோ போட்டு உடைத்துவிட்டார்கள். யார் என்று தேட வேண்டியதில்லை. முன்கூடத்திலிருந்து காப்பி உறிஞ்சும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்படிச் சத்தம் போட்டுக் காப்பி குடிக்கிற ஆள் சீதாவின் அண்ணன் ஜெயராஜ் ஒருவர்தான். கிள்ளான் டீமுக்குக் கேப்டனும் அவர்தான்.

விஷயம் இதுதான். சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். வட்டாரக் கோப்பை யாருக்கு என்று பேச்சு வந்தது. பேச்சு முற்றியது. பாயசம் வருவதற்குள் பந்தயமே ஆகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் கோப்பையை எடுத்தால் பிள்ளைக்கு இராமலிங்கத்தின் அப்பா பேர், அய்யாவு. கிள்ளான் எடுத்தால் சீதாவின் அப்பா பேர், சோலைமுத்து.

அன்றிலிருந்து பிள்ளைக்குப் பேரில்லை. பிள்ளைக்குப் பல் முளைத்தது, தவழ வந்தது, பேர் மட்டும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் அவரவர் இஷ்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"பக்கத்து வீட்டு மகதலேனா அக்கா 'சூசை'ங்குது. பால்காரரு 'ராஜா'ங்கிறாரு. காய்கறி கொண்டாற சீனன் எந்தப் பையனையும் கூப்பிடற மாதிரி 'ஆ பாய்'ங்கிறான். ஒங்க புள்ள எதுக்குத் திரும்பிப் பாக்குது தெரியுமா? 'ஆ பாய்'க்குத்தான்!"

"சீதா, கத்தாத. மச்சான் கேக்கப் போறாரு."

"கேக்கட்டும். பெத்த புள்ள பேர வச்சுப் பந்து ஆடுற ஆளு வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரியாது."

இதைக் கேட்டதும் இராமலிங்கத்துக்கு உண்மையாகவே வியர்த்தது. ஏனென்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் டீமின் ரகசியமே அந்த அடுப்பில்தான் இருந்தது.

வந்த டீமுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவது உள்ளூர் டீமின் பொறுப்பு. முதல் மேட்சில் செந்தூல் டீம் வந்தபோது சீதாலெட்சுமி ஆட்டுக்கறிக் குழம்பும் வடையும் பாயசமுமாகப் போட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு இராமலிங்கம் ரயில்பாதைப் பக்கமிருந்து தன் மெதுவான சுழல்பந்தைப் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பந்து போய்ச் சேருவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். ஆனாலும் செந்தூல் டீம் வரிசையாக விழுந்தது. அடுத்து காஜாங் டீம் வந்தது. அதுவும் சாப்பிட்டது, விழுந்தது. மத்தியான வெயிலில் ஓடப் பயந்து வருகிறவர்கள் எல்லாம் காலையிலேயே ஃபீல்டிங் செய்துவிட்டுச் சாப்பிட்டபின் பேட் பிடிப்பார்கள். அது இவருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

வெளியூருக்குப் போய் ஆடும்போது மட்டும் இவர் பந்து பல்லிளித்தது. அதனால் இராமலிங்கம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வயிறு நிறைந்தவனுக்குக் கண் செருகும், கண் செருகினவன் பந்தைத் தவற விடுவான். பந்து தன் பந்து, மசாலா சீதாவின் மசாலா. இந்த இரண்டாவது பாதியை மட்டும் அவர் சீதாவிடம் சொன்னதே இல்லை.

இன்றைக்குக் கடைசி மேட்ச். ஜெயிக்கிற டீமுக்குக் கோப்பை. அடுப்போ ஜில்லென்று கிடந்தது.

"நான் எங்க பந்தயம் கட்டினேன்? ஒங்கண்ணன்தான் விடாம வம்பு பண்ணி..." என்று இராமலிங்கம் மெல்ல ஆரம்பித்தார்.

முன்கூடத்தில் காப்பி உறிஞ்சும் சத்தம் நின்றது. டம்ளரோடு ஜெயராஜே உள்ளே வந்துவிட்டார்.

"மாப்ள, பொய் சொல்லாதீங்க லா. நீங்கதான் மொதல்ல கைய நீட்டினீங்க. காஜாங் மேட்சுக்கு அப்புறம் இன்னொண்ணும் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"மச்சான், ரயில்ல வந்த களைப்பு. போயி ரெஸ்ட் எடுங்க."

"'எங்க வீட்டுச் சாப்பாட்டத் தின்னுட்டு எவனும் நிமிந்து நின்னு பேட் புடிச்சதில்ல'ன்னு சொன்னீங்களா இல்லையா?"

சீதாலெட்சுமி மெதுவாக எழுந்தாள்.

"என்னது? என் சாப்பாட்டத் தின்னா மனுசன் சுருண்டு விழுவானா? நான் என்ன வெசமா வைக்கிறேன்?"

"இல்லம்மா, அது ஒரு பெருமையாத்தான்..."

"சீசன் பூரா 'நெய்ய ஊத்து, இன்னும் ஊத்து'ன்னு நின்னது இதுக்குத்தானா? நான்கூட வந்தவங்கள நல்லா கவனிக்கிறீங்கன்னு நெனச்சேன்!"

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், செருப்பைப் போட்டாள், பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஜெயராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். "எப்படியும் நாங்க இங்க சாப்பிடறதா இல்ல மாப்ள. பசங்ககிட்ட சொல்லிட்டேன். டின்னு டின்னா பிஸ்கட் கொண்டாந்திருக்கோம்."

இராமலிங்கம் பின்னாலேயே மகதலேனா வீட்டுக்கு ஓடினார். மகதலேனா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டிருந்தாள். சீசன் முழுக்க சீதாவோடு நின்று வடை சுட்டவள் அவள்தான்.

"அக்கா, நீங்களாச்சும் அந்தக் கறியக் கொஞ்சம் கொதிக்க வச்சுக் குடுங்க. மானம் போயிரும்."

"மானமா? பேரு வைக்காத புள்ளைக்கு அப்பாவா இருக்கிறப்பவே அது போயிருச்சுண்ணே. எங்க வீட்டு அடுப்புக்கும் இன்னிக்கு லீவு."

இதை அவள் மெல்லச் சொல்லியிருக்கலாம். அவள் குரலோ கோயில் பாட்டுக்குப் பழகின குரல். குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டது. கேட்காத வீடுகளுக்குக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

இராமலிங்கம் கறிப் பொட்டலத்தை மகதலேனா வீட்டுத் திண்ணைக்கட்டையில் வைத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பவுனம்மாளிடம் ஓடினார். பவுனம்மாள் லோரியில் கடைசி அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பந்திங் ஊர்ல கல்யாணம் தம்பி. இருக்கிறது பூரா லோரியில ஏறிடுச்சு."

"ஒரு அண்டா எறக்கிக் குடுங்க. புண்ணியமாப் போகும்."

"பொண்ணு வீட்டுக்காரன் என்ன ஒதைப்பான். தாலி கட்டிட்டு மிச்சம் இருந்தா கொண்டாறேன்."

லோரி புகையை விட்டுவிட்டுப் போய்விட்டது.

திடலுக்குத் திரும்பி வந்து பார்த்தால் டாஸ் போட ஜெயராஜ் காத்திருந்தார். பாய் விரித்த பிட்சுக்குப் பக்கத்தில் அம்பயர் கார்த்திகேசு குடையோடு நின்றிருந்தார். எல்லாரும் அவரை 'கார்டு ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் காலமெல்லாம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸ் டீமின் அம்பயர் அவர்தான், ஆனாலும் அவர் சொல்லை எந்த டீமும் மறுத்ததில்லை. வெள்ளைக்கார துரைக்காகக்கூட வண்டியைக் காக்க வைக்காத மனிதர் என்று பேர். அவர் சொந்த மருமகன் வாசு கிள்ளான் டீமில் ஆடுகிறான். அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்? அவுட் கொடுப்பதிலும் ஒரு கம்பீரம் உண்டு. கை விறைப்பாக வானத்துக்குப் போகும், சுட்டுவிரல் நீண்டிருக்கும்.

காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பேட் பிடித்து நூற்றுப் பதினெட்டு ரன் எடுத்தது. நல்ல ரன்னும் இல்லை, கெட்ட ரன்னும் இல்லை. இராமலிங்கம் ரன்னைப் பற்றி நினைக்கவே இல்லை, இலையைப் பற்றித்தான் நினைத்தார். விக்கெட் கீப்பர் லெஸ்லியைக் கூப்பிட்டார்.

"லெஸ்லி, நம்ம ஆளுங்க எல்லாரையும் வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லு. வீட்டுக்கு ஒரு சட்டி. எது இருந்தாலும் சரி, வயிறு நெறையணும்."

"என்ன சமைக்கணும்னு சொல்லணுமாண்ணே?"

"அதுக்கெல்லாம் நேரமில்லப்பா. பொம்பளைங்களுக்குத் தெரியாதா?"

பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மகதலேனா எல்லார் வீட்டிலும் சொல்லியிருந்தாளே.

சாப்பாட்டு நேரத்தில் மாமரத்தடியில் சட்டிகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. இராமலிங்கம் முதல் சட்டியைத் திறந்தார். தயிர்சாதம். பரவாயில்லை என்று இரண்டாவதைத் திறந்தார். தயிர்சாதம். மூன்றாவதை லெஸ்லி திறந்தான்.

"எங்க வீட்டுல கடுகு தாளிச்சிருக்காங்கண்ணே," என்றான் கொஞ்சம் பெருமையாக.

எல்லாச் சட்டியும் தயிர்சாதம். எல்லாச் சட்டியோடும் ஒரே செய்தியும் வந்திருந்தது. சட்டி கழுவினமாதிரி காலியாகத் திரும்பணும், இல்லாவிட்டால் ராத்திரிச் சோறு கிடையாது.

கிள்ளான் டீம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றது. "நீங்க சாப்பிடுங்க மாப்ள, நீங்க சாப்பிடுங்க," என்றார் ஜெயராஜ் அன்போடு.

வேறு வழியில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் டீம் அவரவர் வீட்டுச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டது. முதலில் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு பேச்சு நின்றது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது. தன் வீட்டிலிருந்து ஒன்றும் வராத இராமலிங்கத்துக்கு ஆளாளுக்கு ஒரு கரண்டி போட்டு உதவி செய்தார்கள்.

"கார்டு ஐயா, நீங்களும் கொஞ்சம்..."

"தயிரோ? ஐயோ தம்பி, எனக்குத் தயிர் ஒத்துக்கொள்ளாது. இழுப்பு வரும். நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்கிறன்."

கிள்ளான் பேட் பிடிக்க வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆட்கள் கல்யாணச் சாப்பாடு முடித்த சம்பந்திகள் மாதிரி நடந்தார்கள். ஒரு பந்து ஸ்லிப்பில் நின்றவரின் வயிற்றில் பட்டு உட்கார்ந்தே போயிற்று, அவர் அதைத் தேடித் தரையெல்லாம் பார்த்தார். எல்லைக் கோட்டில் நின்றவர் வேலிக்கம்பத்தில் சாய்ந்தார், பிறகு பந்து அவரைத் தாண்டிப் போனதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இராமலிங்கம் ரயில்பாதைப் பக்கமிருந்து பந்து போட்டார். ஜெயராஜின் காலில் பட்டது.

"ஹௌஸ்... தட்!"

"நாட் அவுட்," என்றார் கார்டு ஐயா.

அடுத்த ஓவரில் இன்னொருவர் காலில் பட்டது. மறுபடி கத்தினார்.

"நாட் அவுட். உது ஸ்டம்புக்குப் போகாது தம்பி. உது ரயில்பாதைக்குப் போற பந்து."

"ஐயா, காஜாங் மேட்சுல இதே மாதிரிப் பந்துக்கு அவுட் குடுத்தீங்களே!"

கார்டு ஐயா தொப்பியை உயர்த்தி அவரைப் பார்த்தார். "அப்பிடியோ? நானோ?"

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து இராமலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

தேநீர் இடைவேளை வந்தபோது கிள்ளானுக்கு இன்னும் இருபது ரன்தான் வேண்டும். கையில் ஆறு விக்கெட் இருந்தது. ஜெயராஜ் ஒரு முனையில் தூண் மாதிரி நின்றிருந்தார். பெவிலியனுக்கு நடக்கும்போது அவர் ராகம் போட்டுப் பாடினார், "சோலைமுத்து... சோலைமுத்து..."

இராமலிங்கம் பெவிலியனுக்குப் போகவில்லை. கையிலிருந்த பந்தை லெஸ்லியிடம் எறிந்துவிட்டு, திடலுக்குப் பின்னால் இருக்கிற குவார்ட்டர்ஸுக்கு ஓடினார். பாதி வழியிலேயே மூக்குக்கு ஒரு வாசனை வந்தது. அவர் வீட்டுக் கூரையில் புகை. காக்காவைக் காணோம்.

சமையற்கட்டில் சீதாலெட்சுமி குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். மகதலேனா வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"சீதா!"

"ஒங்களுக்காக ஒண்ணுமில்ல. கறி கெட்டுப் போயிரும்னு வச்சேன்."

"வடையும் கெட்டுப் போயிருமா?" என்று கேட்டுவிட்டு இராமலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மகதலேனா கரண்டியால் அவரைச் சுட்டினாள். "அண்ணே, இப்ப வாயத் தொறந்தா மன்னிப்புக்கு மட்டும் தொறங்க."

இராமலிங்கம் தலையைத் தொங்கப்போட்டார். தயிர்சாதம் தொண்டை வரை நின்றதால் பேச்சு கஷ்டப்பட்டுத்தான் வந்தது. ஆனால் வந்தது உண்மையாக இருந்தது.

"தப்புதாம்மா. பந்தயமும் தப்பு, ஒன்கிட்ட மறைச்சதும் தப்பு. ஜெயிச்சப்பல்லாம் நான் மாலையப் போட்டுக்கிட்டேன். அடுப்புல வெந்தவ நீ. ஒரு நாளும் ஒரு நன்றி சொல்லல."

சீதாலெட்சுமி குழம்புக்கு மூடி போட்டாள்.

"யாரு ஜெயிச்சாலும் புள்ளைக்குப் பேரு நான்தான் வைப்பேன். சம்மதமா?"

"எங்கப்பா..."

மூடி மறுபடி கையில் வந்தது. குழம்பு அடுப்புக்கே திரும்பிப் போகும்போல இருந்தது.

"சம்மதம், சம்மதம்! நீ வைக்கிறதுதான் பேரு. சத்தியமா."

"ஊரு முன்னாடி சொல்லணும்."

"மைக்கு வச்சுச் சொல்றேன்மா. தூக்கு, நேரமாச்சு."

சாப்பாடு திடலுக்கு வந்தது. வாசனை முன்னால் வந்தது, அண்டா பின்னால் வந்தது. கிள்ளான் ஆட்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

"எவனும் தொடக்கூடாது!" என்று ஜெயராஜ் அதட்டினார். "இன்னும் இருபது ரன்னுதான். ஜெயிச்சிட்டுச் சாப்பிடலாம். என் தங்கச்சி சமையல்டா, எனக்குத் தெரியாதா? பிஸ்கட்ட எடு."

இராமலிங்கம் கெஞ்சினார், உபசரித்தார், ஒவ்வொருவர் வாயருகிலும் வடையை நீட்டினார். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் டீமுக்கோ வடையைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவ்வளவு சாப்பாட்டுக்கும் ஒரே ஓர் ஆள்தான் கிடைத்தார். காலையிலிருந்து வெறுந்தேநீரோடு நின்ற கார்டு ஐயா.

"பிள்ளை, நீ போட்டா நான் வேண்டாமெண்டே சொல்லமாட்டன்," என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சோறு மலைபோலப் போனது, கறி போனது, வடைத் தட்டு பாதியானது. பாயசத்தை அவர் சொம்பிலேயே வாங்கிக் குடித்தார்.

ஆட்டம் தொடங்கியது. கார்டு ஐயா ரயில்பாதை முனையில் குடையை ஊன்றி, அதில் சாய்ந்து நின்றார். வெயில் சாய்ந்திருந்ததால் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டார்.

இராமலிங்கம் நம்பிக்கையில்லாமல்தான் பந்து போட்டார். எதிரில் கார்டு ஐயாவின் மருமகன் வாசு. பந்து எங்கோ அவன் முழங்காலில் பட்டது. பழக்கதோஷத்தில் இராமலிங்கம் அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஹௌஸ்... தட்!"

கார்டு ஐயாவின் கை விறைப்பாக வானத்துக்குப் போனது. சுட்டுவிரல் நீண்டது.

திடலே அசந்துவிட்டது.

"சொந்த மருமகன்! கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள அனுப்பிட்டாரே!" என்றான் லெஸ்லி.

வாசு மாமனாரைக் கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். மாமனார் தொப்பியைத் தூக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அடுத்து வந்தவன் பேட்டுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். லெஸ்லி பிடித்தான், எல்லாரும் கத்தினார்கள், கை போனது. அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் கை போனது. பிரிக்ஃபீல்ட்ஸ் டீமுக்குத் தயிர்மயக்கம் தெளிந்துவிட்டது. எல்லைக்கோட்டுக்காரர் வேலிக்கம்பத்தை விட்டு எழுந்து வந்து கத்தலில் சேர்ந்துகொண்டார்.

"வேலை செய்யுதுடா லெஸ்லி, மசாலா வேலை செய்யுது!"

"அண்ணே, அவங்க யாரும் சாப்பிடவே இல்லையே?"

இராமலிங்கம் ஒரு நிமிஷம் யோசித்தார். அதிகம் யோசிக்க விருப்பமில்லை.

"வாசனைக்கே மயங்கிட்டானுங்க லா!"

கடைசியில் ஜெயராஜும் கடைசி ஆளும் நின்றார்கள். இன்னும் மூன்று ரன். ஜெயராஜ் முனையில், இராமலிங்கம் பந்தோடு. மாமரத்தடியில் சீதாலெட்சுமி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அண்ணன் ஜெயிக்கவா, புருஷன் ஜெயிக்கவா என்று அவள் முகத்தைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

இராமலிங்கம் பந்தை விட்டார். பந்து பாயின் ஓரத்தில் விழுந்து, காலுக்கு வெளிப்பக்கமாகப் போய், ஜெயராஜின் பின்பக்கத்தில் பட்டது.

"ஹௌஸ்... தட்!"

பதினொரு பேரும், மாமரத்தடிப் பெண்களும், பிள்ளையும் சேர்ந்து கத்தினார்கள். கை நேராக மேலே போனது.

ஜெயராஜ் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டார். பேட்டைக் கக்கத்தில் இடுக்கினார்.

"மருமகனையே அனுப்புன மனுசன். அவரு சொன்னா அவுட்டுதான்," என்று சொல்லிவிட்டு இராமலிங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சிட்டீங்க மாப்ள. இப்பவாச்சும் அந்தக் கொழம்பு கெடைக்குமா?"

மாமரத்தடியில் மேஜை போட்டு, கோப்பையை வைத்தார்கள். கிள்ளான் ஆட்கள் சோற்றோடு உட்கார்ந்தார்கள். இராமலிங்கம் பேச எழுந்தார். போன மேட்ச்சுகளில் எல்லாம் அவர் பேச ஆரம்பித்தால் தன் சுழல்பந்திலேயே சுற்றுவார். இன்றைக்குச் சுருக்கமாக முடித்தார்.

"இந்தக் கோப்பை என் வீட்டுக்காரம்மாவோட அடுப்புல வெந்த கோப்பை. இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். எம் புள்ளைக்குப் பேரும் அவதான் வைப்பா."

குவார்ட்டர்ஸ் பெண்கள் கைதட்டினார்கள். மகதலேனா சட்டியில் கரண்டியால் தட்டினாள். சீதாலெட்சுமிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தாள்.

"எங்க மாமனாரு பேரு வச்சா எங்கண்ணன் மொகம் வாடும். எங்கப்பா பேரு வச்சா இவரு மொகம் வாடும்," என்றாள். "இன்னிக்கு இந்தத் தெடல்ல ஒருத்தருதான் சொந்தம் பந்தம் பாக்காம, கண்ணால கண்டத மட்டும் சொன்னாரு. எம் புள்ளயும் அந்த மாதிரி வளரணும். கார்டு ஐயா பேரு. கார்த்திகேசு!"

"கார்த்திகேசு!" என்று எல்லாரும் கத்தினார்கள். பிள்ளை, 'ஆ பாய்' தவிர எதற்கும் திரும்பாத பிள்ளை, தலையைத் தூக்கிப் பார்த்துப் களுக்கென்று சிரித்தது. ஜெயராஜ் வாயில் சோற்றோடு தலையாட்டினார். இராமலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசுகூட மாமனாரை மன்னித்துவிட்டான்.

"எங்க அவரு?" என்று கேட்டான் லெஸ்லி.

பார்த்தால் கார்டு ஐயா இன்னும் பிட்ச் ஓரத்திலேயே குடையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஸ்டம்புகளைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மட்டும் தனியாக நின்றார்.

"புகழ்ச்சிய விரும்பாத மனுசன். ஒதுங்கி நிக்கிறாரு பாருங்க," என்றார் இராமலிங்கம் மனம் நெகிழ்ந்து. எல்லாரும் கோப்பையோடும் மாலையோடும் அவரை நோக்கி நடந்தார்கள். சீதாலெட்சுமி பிள்ளையோடு முன்னால் போனாள்.

"கார்டு ஐயா!" என்று இராமலிங்கம் சந்தோஷத்தில் கத்தினார்.

கார்டு ஐயாவின் கை விறைப்பாக மேலே போனது.

"ஆசீர்வாதம் பண்றாரு!" என்றாள் மகதலேனா.

சீதாலெட்சுமி பிள்ளையை அவர் காலடியில் கிடத்தினாள். கார்டு ஐயா தொப்பியைத் தூக்கினார். கண்ணைக் கசக்கினார். வெறுந்திடலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், காலடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.

"சாயங்காலம் பூரா ஒரு பக்கமும் சாயாம அத்தன அவுட்டையும் நேர்மையாக் குடுத்தீங்க ஐயா. அதான் ஒங்க பேர வச்சிருக்கோம்," என்றாள் சீதாலெட்சுமி.

"அவுட்டோ? நான் ஆருக்கும் அவுட் குடுக்கேல்லையே பிள்ளை! காலமெல்லாம் கார்டா நிண்ட பழக்கம், சாப்பிட்டு நித்திரையாப் போனாப் பிறகு ஆரும் கத்தினா, வண்டி வெளிக்கிடுதெண்டு கை தன்பாட்டிலை பச்சைக்கொடி காட்டிப் போடும்!"